ஆறாமீன் உச்சிக்கு வரும் நேரம்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பதினான்கு வருஷம் யோசித்துவிட்டேன். எழுதினால் நடேசன் சாருக்குக் குறைவாகிவிடுமோ என்று ஒரு பயம். எழுதாவிட்டால், நாலு பேர் வாயில் வளர்ந்துகொண்டே போகும் கதை ஒன்று உண்மையாகவே நிலைத்துவிடுமோ என்று இன்னொரு பயம். போன மாசம் ஒரு கலியாணப் பந்தியில் எனக்கு எதிரே உட்கார்ந்திருந்தவர், குரும்பலூர்ப் பாறைக்குள் நட்சத்திரத்தின் அலையைப் பிடித்துவந்த தராசுக்காரர் இவர்தான் என்று என்னைப் பக்கத்து இலைக்காரருக்குக் காட்டினார். பாயசம் எனக்குத் தொண்டையிலேயே நின்றுவிட்டது. அன்று சாயங்காலமே சார் வீட்டுக்குப் போய் அனுமதி கேட்டேன். "இத்தனை நாள் ஏன் எழுதலை?" என்று அவர் என்னைத்தான் கோபித்துக்கொண்டார்.

நான் மூன்றாம் பாரம் வரை படித்தவன். காவிரிக் கரையில் நகைக்கடைத் தராசு செய்வதும் பழுது பார்ப்பதும் என் தொழில். முருகன் துணையால் குடும்பம் நடக்கிறது. நடேசன் சார் எங்கள் ஊர்க் கல்லூரியில் பௌதிகம் கற்பிப்பவர். ஒருநாள் கடைக்கு வந்து, குண்டுமணியில் நூறில் ஒரு பங்கு கனம் ஏறினாலும் காட்டுகிற தராசு உண்டா என்று கேட்டார். "செய்யலாம். ஆனா அதுக்கு எதிர்ல யாரும் மூச்சு விடக் கூடாது" என்றேன். அந்த ஒரு பதிலுக்காக என்னைப் பிடித்துக்கொண்டவர், மூன்று வருஷம் விடவில்லை.

நாங்கள் செய்தது தட்டுத் தராசு அல்ல. தலைமயிரைவிட மெல்லிய கம்பி ஒன்றில் ஒரு பித்தளைக் கோல் தொங்கும். கோலின் இரண்டு நுனியிலும் ஈயக் குண்டு. நடுவில் மிளகளவு கண்ணாடி. விளக்கின் ஒளி அந்தக் கண்ணாடியில் பட்டு எதிரே உள்ள அளவுகோலில் ஒரு பொட்டாக விழும். கோல் இம்மியளவு திரும்பினாலும் பொட்டு நகர்ந்துவிடும். எதற்கு இது என்று கேட்டால் சார் சொல்லுவார்: பெரிய நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றும்போது, குளத்தில் கல் போட்டால் அலை போவதுபோல, கனத்தின் அலை ஒன்று வெளியெல்லாம் பரவுகிறதாம். அது வரும் வழியில் உள்ள பொருளை ஒரு பக்கம் நீட்டி ஒரு பக்கம் குறுக்கிவிட்டுப் போகுமாம். சீமையில் ஒரு பெரியவர் கணக்குப் போட்டுச் சொன்னது. அவரே பின்னால் ஒரு முறை, இது நிஜமா என்று சந்தேகப்பட்டுக் கணக்கைத் திரும்பப் போட்டாராம்.

"கணக்கில இருக்கு, கண்ணுல இல்லை" என்பார் சார். ஒரு மயிரின் பருமனைக் கோடி பங்கு செய்து, அதில் ஒரு பங்கை மறுபடி கோடி பங்கு செய்தாலும் அந்த அசைவைவிடப் பெரிதாக இருக்குமாம். அப்படியானால் நம் தராசில் தெரியாதே என்றேன். தெரியாதுதான், ஆனால் எவ்வளவு அமைதி கிடைத்தால் எவ்வளவு சிறிய அசைவைக் கேட்கலாம் என்று யாராவது அளந்து வைக்க வேண்டாமா என்றார். எங்கள் ஊரில் அந்தப் பொட்டு ஒரு நிமிஷம் நின்றதில்லை. கோயில் நகரா, நெல் மெஷின், வண்டிச் சத்தம், எல்லாவற்றுக்கும் ஆடியது. கல்லூரியில் கடைசியாகச் சொல்லிவிட்டார்கள். பதினெட்டு நாள் லீவு. அதற்குள் பொட்டு ஒரு மணி நேரம் அசையாமல் நின்ற படம் ஒன்றைக் கொண்டுவந்தால் சரி. இல்லையென்றால் கருவியைப் பிரித்துவிட்டு அறையை வேறு காரியத்துக்குக் கொடுத்துவிடுவார்கள். பொட்டின் ஓட்டத்தைக் கோடாகப் படம் பிடிக்கிற காகிதச் சுருள் சண்டைக் காலத் தட்டுப்பாட்டில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதைச் சார் தன் பூணூல் வைக்கும் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார்.

இப்படியாக, சண்டை முடிந்த மறு வருஷத் தை மாசத்தில் நான் கொள்ளிடம் தாண்டினேன். அதுவரை நான் தாண்டியதில்லை. வீட்டில் ஏதோ கப்பல் ஏறுகிறவனை அனுப்புவதுபோல விபூதி பூசி அனுப்பினார்கள்.

அரியலூரில் இறங்கினதும் முதலில் கண்ணில் பட்டது மண்ணின் நிறம். எங்கள் பக்கம் கறுப்பு வண்டல். இங்கே வெளுப்பும் மஞ்சளுமாக, யாரோ சுண்ணாம்பு கொட்டி வைத்ததுபோல இருந்தது. ஸ்டேஷனுக்கு வெளியே ஓட்டலில் சோள தோசை போட்டார்கள். அரிசி ரேஷன். தோசை முரடாக இருந்தாலும், அதற்கு அரைத்திருந்த சின்ன வெங்காயச் சட்னிக்காக நான் மூன்று சாப்பிட்டேன். வெங்காயம் எங்கள் ஊருக்கு மூட்டையில் வந்து வாடிப்போயிருக்கும். இங்கே அதற்குத் தித்திப்பு இருக்கிறது.

ஊருக்கு வெளியே பழைய சுண்ணாம்புக்கல் குழி ஒன்றில் கருவியை இறக்கினோம். குழியின் சுவரெல்லாம் கல்லாய்ப் போன சிப்பிகள். ஒரு காலத்தில் இங்கே கடல் இருந்ததாம். கடலே இருந்த இடத்தில் குடிக்கத் தண்ணீருக்கு ஒரு மைல் நடந்தோம். முருகா, உன் விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

பொட்டு அங்கே நிற்கவில்லை. ரயில் வந்தால் ஓடும். ரயில் மூன்று மைலுக்கு அப்பால் இருக்கும்போதே நடுங்க ஆரம்பித்துவிடும். இரண்டாம் நாள் சார் பொட்டைப் பார்த்தே இது சரக்கு வண்டி, இது பாசஞ்சர் என்று சொல்ல ஆரம்பித்தார். ஓட்டல்காரருக்கு இது எப்படியோ தெரிந்துபோய், குழியின் விளிம்பில் வந்து நின்று, "சார், மெயில் எங்க வருதுங்க? மாவு கரைச்சு வைக்கலாமா?" என்று கேட்டார். சார் பொட்டைப் பார்த்துவிட்டு, இன்னும் கால் மணி ஆகும் என்றார். அப்படியே ஆயிற்று. இரண்டு நாளும் எங்களுக்கு ஓட்டலில் ராஜ உபசாரம். ஆனால் வந்த காரியம் நடக்கவில்லை. வடமேற்கே பெரம்பலூர் தாண்டினால் கட்டிப் பாறை, ரயிலும் கிடையாது என்று ஓட்டல்காரரே வழி காட்டினார்.

நாலாம் நாள் பெரம்பலூர் பஸ். பெட்ரோல் கிடைக்காததால் பஸ்ஸுக்குப் பின்னால் பெரிய இரும்பு அடுப்பு கட்டி, கரி போட்டு, அதில் வரும் புகையில் ஓட்டினார்கள். கிளீனர் ஒரு சக்கரத்தைச் சுற்றி அடுப்பை ஊதிக்கொண்டிருந்தார். நான் கருவிப் பெட்டியை மடியில் வைத்து, பச்சைக் குழந்தையைப் பிடிப்பதுபோலப் பிடித்திருந்தேன். பக்கத்தில் பருத்திப் பொதியோடு உட்கார்ந்திருந்த அம்மாள் அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"சாமிங்களா உள்ள?"

"இல்லம்மா, தராசு."

"தராசுக்கா இம்புட்டு மருவாதி? எங்கூட்டுக்காரரு என்னையக்கூட இப்படிப் புடிச்சதில்லீங்க" என்றாள். பஸ் பூராவும் சிரித்தது. அவள் வீட்டுக்காரரும் பின் சீட்டில் இருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது.

குன்னத்துக்கு அப்புறம் ஒரு மேட்டில் பஸ் மூச்சு வாங்கி நின்றுவிட்டது. ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். சாரும் வேஷ்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ளினார். பெட்டியை அந்த அம்மாளின் மடியில் வைத்துவிட்டு இறங்கினேன். திரும்பி வந்து கேட்டால் தர மனமில்லை அவளுக்கு. பெரம்பலூர் வரை அவளே வைத்துக்கொண்டு வந்தாள். குலுங்காமல் வைத்திருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும்.

பெரம்பலூரிலிருந்து மாட்டுவண்டியில் குரும்பலூர் போனோம். ஊருக்கு வெளியே காலியாய்க் கிடந்த பருத்திக் கிட்டங்கி ஒன்றில் தங்க இடம் கிடைத்தது. அதற்குப் பின்னால் ஒரு பாறைமேடு. பாறையைக் குடைந்து யாரோ தண்ணீர் வராமல் விட்டுப்போன குழி ஒன்று, இரண்டு ஆள் ஆழம். சார் அதில் இறங்கிச் சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, பெண் பார்த்துப் பிடித்துப்போன மாப்பிள்ளைபோல வெளியே வந்தார்.

சாப்பாட்டுக்கு மேட்டுக்கு அந்தப் பக்கம் குடியிருந்த மருதமுத்துவின் வீட்டில் ஏற்பாடு. நாற்பது வயசு, வெங்காயமும் பருத்தியும் பயிர். அவர் மனைவி அஞ்சலை தினம் சாயங்காலம் கூடையில் சோறு கொண்டுவருவாள். கம்பஞ்சோறும் மொச்சைக் குழம்பும் ஒருநாள், வரகுச் சோறும் கத்திரிக்காயும் ஒருநாள். எங்கள் ஊரில் அரிசிச் சோறு தொண்டையில் வழுக்கிக்கொண்டு போகும். இது நின்று, யார் எவர் என்று விசாரித்துவிட்டுத்தான் இறங்கும். இறங்கினபின் விடியும்வரை பசி தெரியாது.

நான் பொழுது சாய்ந்ததும் விளக்கேற்றி ஆயிரத்தெட்டு ஜபம் செய்கிறவன். முதல் நாள் அஞ்சலை வந்தபோது ஜபம் முடித்து நான் சற்று உலாவவும் உலாவிவிட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்பது பின்னால் தெரியும்.

குழியைத் துப்புரவாக்கிக் கருவியைத் தொங்கவிட இரண்டு நாள் ஆயிற்று. அங்கே அது நன்றாக நின்றது. பகலில் பொட்டு லேசாகச் சிலிர்க்கும், அவ்வளவுதான். பொழுது சாய்ந்து, ஊரில் உலக்கைச் சத்தமும் ஓய்ந்தபின் அசைவே இல்லை. முதல் நாள் நாங்கள் குழிக்குள் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சரியாக ஏழு நாற்பதுக்குப் பொட்டு ஆட ஆரம்பித்தது. கன்னாபின்னா என்று இல்லை. மெள்ளத் தலை அசைக்கும், நிற்கும், மறுபடி அசைக்கும். நேரம் பார்க்க எனக்குத் தெரிந்தது ஜபம்தான். ஓர் அசைவுக்கும் அடுத்ததற்கும் நடுவே பன்னிரண்டு 'முருகா' சொல்ல முடிந்தது. ஒன்றரை மணி நேரம் போல ஆடிவிட்டு நின்றுவிட்டது. அதன்பின் பனிக்காற்று குழிக்குள் இறங்கி, விடியும்வரை பொட்டை நகர்த்திக்கொண்டே இருக்கும்.

மறுநாள் காலையில் சார் ஊரெல்லாம் விசாரித்தார். அந்த நேரத்தில் யார் மாவு இடிக்கிறார்கள், எந்த வண்டி போகிறது என்று எல்லாம் கேட்டார். மேட்டுக்கு அந்தப் பக்கம் கால் மைலில் மருதமுத்துவின் கிணறு இருந்தது. இந்தப் பக்கத்துக் கிணறுகள் மலைப்பாக இருக்கும். அவ்வளவு ஆழம். ஜோடி மாடு சரிவில் இறங்கி வடத்தை இழுக்கும். பெரிய தோல் சால் தண்ணீரோடு மேலே வந்து கொட்டும். மாடு பின்னால் நடந்து ஏற, சால் மறுபடி இறங்கும். கவலை என்கிறார்கள். எங்கள் ஊரில் மடையைத் திறந்தால் காவிரி தானே வந்துவிடும். இந்த இறைப்புக்குக் கவலை என்று பெயர் வைத்தவன் பட்டுத்தான் வைத்திருக்க வேண்டும்.

சார் மருதமுத்துவைக் கேட்டார், தினம் எப்போது இறைப்பீர்கள், நேரம் மாறுமா என்று.

"ஒரே நேரந்தாங்க. நாலு வருசமாச்சு, ஒரு இமைகூட மாறுனதில்ல" என்றார் அவர். சார் அதைக் குறித்துக்கொண்டார்.

இரண்டாம் நாள் பொட்டு ஏழு முப்பத்தாறுக்கு ஆடிற்று. மூன்றாம் நாள் ஏழு முப்பத்திரண்டு. நாலாம் நாள் ஏழு இருபத்தெட்டுக்கு ஆடினபோது சார் என் கையைப் பிடித்தார்.

குழியைவிட்டு மேலே வந்து அண்ணாந்து பார்த்தோம். "தராசுக்காரரே, நம்ம கடிகாரம் சூரியனைப் பார்த்து ஓடறது. நட்சத்திரம் தினம் நாலு நிமிஷம் முந்தி வரும். பூமியில இருக்கற எந்த மனுஷனும் நாளைக்கு நாலு நிமிஷம் முந்தி வேலைக்குப் போக மாட்டான். அந்தக் கிணத்துக்காரர்கூட நேரம் மாறாதுன்னார். இது கீழேர்ந்து வர அசைவு இல்லை" என்றார். எங்கள் தலைக்கு நேர் மேலே ஆறாமீன் நின்றது. கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர். முருகனுக்குப் பாலூட்டியவர்கள். நான் எண்ணிய பன்னிரண்டு, அவன் கை பன்னிரண்டு. நான் அந்தப் பாறையிலேயே விழுந்து கும்பிட்டேன். சார் என்னைத் தடுக்கவில்லை. அவரும் கை கூப்பியபடி நின்றார்.

அந்த நாட்களின் சந்தோஷத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. சார் சாப்பிடும்போது பாடினார். அவருக்குப் பாட வராது. பகலில் தூங்காமல் கணக்குப் போட்டார். இவ்வளவு பெரிதாக ஆடக் கூடாதே என்று அவரே ஒரு பக்கம் சொல்லுவார். கணக்கிலேயே எங்காவது தப்பு இருக்கலாம் என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொள்ளுவார். எட்டாம் நாள் காலையில், கல்கத்தாவில் இருந்த தன் பழைய ஆசிரியருக்கு நீளமாக ஒரு கடிதம் எழுதினார். அவர் மூலம் சீமைக்குத் தெரிவிப்பதாக ஏற்பாடு. மறுநாள் அதைப் பெரம்பலூரில் ரிஜிஸ்தர் செய்து அனுப்பும் வேலை என்னுடையது.

அன்று சாயங்காலம் விளக்கேற்றி உட்கார்ந்தேன். ஜபம் அறுநூறைத் தாண்டவில்லை, வாசலில் கூடை வைக்கிற சத்தம். அஞ்சலை.

ஜபத்தை அங்கேயே நிறுத்தினேன். முதல் நாள் ஆயிரத்தெட்டு முடிந்து உலாவிக்கொண்டிருந்தபோது வந்தவள். நடுவில் ஒருநாள் சரியாக முடிக்கையில் வந்தாள். அப்புறம் தினம் தொண்ணூறு, நூறு ஜபம் என்று முந்திக்கொண்டே வந்திருக்கிறாள். நான் அதை எண்ணியும் எண்ணாதவனாக இருந்திருக்கிறேன்.

ஏனம்மா தினம் சீக்கிரம் சீக்கிரமாக வருகிறாய் என்று கேட்டேன்.

"நான் எங்கங்க சீக்கிரம் வரேன்? அவருக்குப் போட்டுட்டு வரேன். அவரு தின்னுட்டு மாட்டப் பூட்டணும்ல. ஆறாமீனு உச்சிக்கு வந்தா எங்க முறையாச்சுங்களே" என்றாள்.

நான் சோற்றைத் தொடவில்லை. சார் குழிக்கு இறங்கினபின், வயிறு சரியில்லை என்று சொல்லிவிட்டு மேட்டைச் சுற்றிக்கொண்டு கிணற்றுக்குப் போனேன். பொய் சொன்னதற்கு அப்போதே மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

கிணறு இரண்டு பேருக்குப் பாத்தியம். எதிர்ப்பக்கம் மருதமுத்துவின் அண்ணன் பெரியசாமி இறைத்துக்கொண்டிருந்தார். அவர் பக்கத்துச் சரிவு மண். மருதமுத்துவின் பக்கத்துச் சரிவு பாறையில் வெட்டியது, எங்கள் குழி இருந்த அதே பாறை. அண்ணன் மாடு நடந்தது எங்கள் பொட்டில் தெரியாமல் போனது அதனால்தான். மருதமுத்து மாட்டை ஓட்டி வைத்துவிட்டு, ஒரு கல்லில் தலை வைத்து மல்லாந்து படுத்திருந்தார். அவர் கண்ணுக்கு மேலே கவலை உருளையின் குறுக்குமரம். ஆறாமீன் அந்த மரத்தைத் தொட்டது. அவர் எழுந்து மாட்டைப் பூட்டினார். எதிர்ப்பக்கம் அண்ணன் ஒரு வார்த்தை பேசாமல் மாட்டை அவிழ்த்தார்.

அண்ணனும் தம்பியும் நாலு வருஷமாய்ப் பேச்சில்லை என்று, மடை மாற்ற வந்த அஞ்சலை சொன்னாள். ஒரு தோல் சால் கிழிந்ததாம், யாரால் கிழிந்தது என்று சண்டை. பேசாமல் முறை மாற்ற வேண்டுமே. இரண்டு பேரிடமும் கடிகாரம் கிடையாது. பேசாமலே பார்த்துக்கொள்ளக்கூடியது வானத்தில்தான் இருந்தது. மத்தியானத்திலிருந்து ஆறாமீன் உச்சி வரை அண்ணன், அதன்பின் தம்பி. வெயில் காலத்துக்கு வேறு மீன் வைத்திருக்கிறார்கள்.

மாடு சரிவில் இறங்கி, திரும்பி ஏறி, மறுபடி இறங்கியது. உதட்டை அசைத்தபடி எண்ணிப் பார்த்தேன். பன்னிரண்டு முருகா.

நான் திரும்பி வந்தபோது சார் குழிக்குள்ளிருந்து கூப்பிட்டார். "ஏழு பன்னெண்டு. சொன்னேனே, கச்சிதமா ஏழு பன்னெண்டு." நல்லது சார் என்றேன். கிணற்றில் கண்டதைச் சொல்லவில்லை. அன்று ராத்திரி அவர் தூங்கும்போது முகத்தில் சிரிப்பு இருந்தது. எனக்கு அதைப் பார்க்கவும் முடியவில்லை, பார்க்காமல் இருக்கவும் முடியவில்லை.

மறுநாள் கடிதத்தை மடியில் செருகிக்கொண்டு பெரம்பலூர் போனேன். வண்டியின் அச்சாணி கழன்று பாதி வழி நடக்க வேண்டியிருந்தது. அதுவும் ஒரு தடை என்று மனசு சொல்லிற்று. தபால் ஆபீசில் என் முறை வந்தது. மாஸ்டர் கை நீட்டினார். எனக்குக் கடைக்கு வருகிற ஜனங்கள் ஞாபகம் வந்தார்கள். முள் ஒரு பக்கம் சாய்வது கண்ணுக்குத் தெரிந்தும், நேராக நிற்கிறது என்று ஒருநாள் சொல்லியிருப்பேனா? "அப்புறம் வரேங்க" என்று விலகிவிட்டேன். எதிரே ஒரு பிள்ளையார் கோயில். அங்கே சூடம் ஏற்றி, உன் தம்பி பெயரால் நான் கண்டது தப்பாகிவிட்டது, சார் மனசு ஒடியாமல் பார்த்துக்கொள் என்று வேண்டிக்கொண்டேன். கடையில் ஒரு டம்ளர் மோர் குடித்துவிட்டுத் திரும்பி நடந்தேன்.

சார் கிட்டங்கி வாசலில் காத்திருந்தார். நான் கடிதத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். ஆயிரத்தெட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முடிந்தபின் சார் கடித உறையின் ஓரத்தை நகத்தால் நீவிக்கொண்டிருந்தார். பிறகு, அந்தக் கல்லைக் காட்டுங்கள் என்றார்.

பொழுது சாய்ந்தபின் போனோம். மருதமுத்து எழுந்து இடம் விட, சார் அந்தக் கல்லில் தலை வைத்து மல்லாந்து படுத்தார். ஒரு கையில் கடிகாரம். ஆறாமீன் குறுக்குமரத்தைத் தொட்டதும் கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு எட்டு. அவர் வயிறு குலுங்குவதைப் பார்த்து அழுகிறார் என்று நினைத்து ஓடினேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணிலும் தண்ணீர் இருந்தது, அதை மறைக்கமாட்டேன்.

"நேரம் மாறலைன்னு இவர் சொன்னது சத்தியம். மாறினது என் கடிகாரம்" என்றார். பிறகு எழுந்து உட்கார்ந்து, "கால் மைல்ல ஒரு ஜோடி மாடு நடந்தா நம்ம தராசு சொல்லிடுத்து, பார்த்தீரா? இந்த மாடும் நின்னுட்டா அப்புறம் இந்தப் பாறையில ஒண்ணுமே இல்லை. நமக்கு வேண்டியது அதுதானே?"

எனக்கு அப்போதுதான் உயிர் வந்தது. லீவு முடிய மூன்று நாள் இருந்தது.

ஒரு சாயங்காலம் இறைக்காமல் இருக்க முடியுமா என்று மருதமுத்துவைக் கேட்டோம். வெங்காயம் காய் இறங்குகிற சமயம். ஒரு முறை தவறினால் சுருங்கிவிடும் என்று தயங்கினார். அண்ணன் தன் மத்தியான முறையில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் ஆகும். அதை யார் கேட்பது? நான்தான் கிணற்றைச் சுற்றி எதிர்ப்பக்கம் போனேன். தம்பியும் பின்னால் வந்து பத்தடி தள்ளி நின்றார்.

பெரியசாமி வெற்றிலையைத் துப்பிவிட்டு, "நாளைக்கு உச்சிப்பொழுதுலேர்ந்து எறைச்சுக்கச் சொல்லுங்க அந்த ஆள" என்றார் என்னிடம்.

"சரின்னு சொல்லுங்க அவருகிட்ட" என்றார் மருதமுத்து என்னிடம்.

"சாலு பத்திரம்னு சொல்லுங்க."

"எங்களுக்குக் கிழிக்கத் தெரியாதுன்னு சொல்லுங்க."

நான் இரண்டு பக்கமும் தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். தராசுக் கோலாகவே ஆகிவிட்டேன்.

மறுநாள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. பொழுது சாய்ந்தபின் யாரும் உலக்கை எடுக்கவில்லை. வண்டிகளைச் சுற்று வழியில் விட்டார்கள். சார் டப்பாவைத் திறந்து அந்த ஒரே சுருளை உருளையில் சுற்றிவிட்டுக் குழிக்குள் உட்கார்ந்தார். மூச்சு இரண்டு வேண்டாம் என்று என்னை மேலே அனுப்பிவிட்டார். நான் கிணற்றுப் பக்கம் போய்க் காவலிருந்தேன். அண்ணன் தன் கரையில், தம்பி தன் கரையில், அஞ்சலை மாட்டின் பக்கத்தில். எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஆறாமீன் குறுக்குமரத்துக்கு வந்தது. நாலு வருஷப் பழக்கம். மருதமுத்து தன்னை அறியாமல் எழுந்தார். கை நுகத்தடிக்குப் போய்விட்டது. நான் ஓடித் தடுக்கும் தூரத்தில் இல்லை.

"டேய் மருதா, உக்காருடா" என்றது எதிர்க்கரை.

மருதமுத்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். அஞ்சலை வாயை முந்தானையால் பொத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து இந்தக் கரையிலிருந்து, "சரிண்ணே" என்று வந்தது. பெரிய குரலில் இல்லை. எனக்கே சரியாகக் கேட்கவில்லை. ஆனால் கேட்க வேண்டியவருக்குக் கேட்டிருக்க வேண்டும், அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சார் படத்தைக் கழுவி எடுத்து மறுநாள் காலையில் வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றேகால் மணி நேரம். ஒரு கோடு. வேறு ஒன்றும் இல்லை. என் தொழிலில் எத்தனையோ முள் நேராக நின்று பார்த்திருக்கிறேன், அப்படி ஒரு நேரை நான் பார்த்ததில்லை. அண்ணன் கூப்பிட்ட இடம் எங்காவது தெரிகிறதா என்று கண்ணருகே வைத்துத் தேடினேன். அது அதில் விழவில்லை. சாரிடம் சொன்னேன். "நம்ம கருவிக்குக் கேட்காதது இன்னும் எவ்வளவோ இருக்கு" என்று சொல்லிவிட்டு, கல்கத்தாவுக்குப் புதிதாய் ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். அது நாலு வரிதான். அதை நானே பெரம்பலூரில் தபாலில் சேர்த்தேன். அஞ்சலை கட்டிக் கொடுத்த ஒரு மூட்டை சின்ன வெங்காயத்தோடு ஊர் திரும்பினோம். கருவி இன்றைக்கும் கல்லூரியில் பிரிக்கப்படாமல் இருக்கிறது.

ஆறாமீன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. அது யாரையும் ஏமாற்றவில்லை, தன் நேரத்துக்கு வந்தது. இப்போதும் தை மாசத்தில் அது உச்சிக்கு வரும்போது வாசலில் நின்று கும்பிடுகிறேன்.

இதைப் படிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் நான் எழுதியபடியே சொல்லுங்கள். குரும்பலூரில் அலை கிடைத்தது என்று தயவுசெய்து யாரும் சேர்க்க வேண்டாம். கிடைக்கவில்லை. அங்கே கிடைத்தது ஒரு நேர்கோடு. அதில் ஒரு மயிரிழை கூட்டினாலும் சார் பட்ட பாடு வீணாகிவிடும்.